சும்மா பார்க்கத்தான் வந்தோம்

1936-ஆம் வருஷக் கோடையில், சவுத் டகோட்டா மாநிலத்தில் வால் என்கிற ஊரில், டெட் ஹஸ்டெட் என்ற மருந்துக்கடைக்காரர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். கடையை வாங்கி ஐந்து வருஷம் ஆகப்போகிறது. ஊரில் இருப்பதே சில நூறு பேர். பெருமந்த காலம் என்பதால் அந்தச் சில நூறு பேர் கையிலும் காசில்லை. காசில்லாதவனுக்குத் தலைவலி வந்தால் அது தானாகவே போய்விடும், மாத்திரை தேவைப்படாது. மலையில் ஜனாதிபதிகளின் தலையைச் செதுக்குவதை வேடிக்கை பார்க்கப் போகிற கார்கள் மட்டும் ஊரை ஒட்டிய சாலையில் பறந்துகொண்டிருந்தன. ஒன்றாவது நிற்கவேண்டுமே! மத்தியானம் கண்ணயரப் போன மனைவி டோரதி, கார்ச் சத்தத்தில் தூக்கம் கெட்டு எழுந்து வந்து கேட்டார்: இந்த வெயிலில் போகிறவனுக்கு என்ன வேண்டும்? ஐஸ் தண்ணீர். அது நம்மிடம் இருக்கிறது. இலவசம் என்று போர்டு வைத்தால் என்ன?

டெட் போய்ப் போர்டை நட்டுவிட்டுத் திரும்பி வருவதற்குள் கடையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. நம் ஊரில் தண்ணீர்ப் பந்தல் வைப்பவர்கள் புண்ணியத்துக்கு வைப்பார்கள், இல்லாவிட்டால் ஓட்டுக்கு வைப்பார்கள். ஹஸ்டெட் தம்பதி வைத்தது ஐஸ்கிரீம் விற்க. ஓசித் தண்ணீரைக் குடித்துவிட்டு வெறுங்கையோடு திரும்ப வெட்கப்பட்டவன் ஒரு கோன் வாங்கினான், பெண்டாட்டிக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு இரண்டு. இன்றைக்கு அந்தக் கடை ஒரு தெரு நீளத்துக்கு வளர்ந்து கிடக்கிறது. வருஷத்துக்குச் சுமார் 20 லட்சம் பேர் வருகிறார்கள். நெடுஞ்சாலையோரம் 80 அடி டைனோசர் நிற்கிறது, கொம்பு முளைத்த முயல் மேல் ஏறிப் போட்டோ எடுத்துக்கொள்ளலாம், காபி இப்போதும் 5 சென்ட். தண்ணீருக்கு இன்னமும் காசு கிடையாது. அந்தப் பக்கம் போனால் பார்க்காமல் வராதீர்கள். அப்படியே விட்டாலும் அவர்கள் விடமாட்டார்கள். நூறு மைலுக்கு முன்னாலிருந்தே சாலையோரப் போர்டுகள் உங்களைக் கூப்பிட்டு உயிரை வாங்கும்.

அமெரிக்க வணிகத்தின் மொத்த சரித்திரமும் இந்த மருந்துக்கடைக்குள் அடக்கம் என்பது என் கட்சி. வாங்க வருகிறவனுக்கு விற்பது பெரிய வித்தை இல்லை. "சும்மா பார்க்கத்தான் வந்தோம்" என்கிறவனை உள்ளே இழுத்து, மயக்கி, நாலு பையோடு வெளியே அனுப்புவதுதான் வித்தை. அதற்காக அவர்கள் போட்ட வேஷங்கள் கொஞ்சநஞ்சமில்லை.

கான்சாஸ் சிட்டியில் ஜே. சி. நிக்கல்ஸ் என்ற மனை வியாபாரி ஸ்பெயின் வேஷம் போட்டார். 1920-களின் தொடக்கத்தில், ஊருக்கு வெளியே சேற்று நிலத்தில், ஸ்பானியக் கோபுரமும் ஓட்டுக் கூரையும் நீரூற்றுமாகக் கன்ட்ரி கிளப் பிளாசா எழும்பியது. கார் வைத்திருப்பவர்களை மனசில் வைத்தே திட்டமிட்ட முதல் கடைவீதி என்று அதைச் சொல்வார்கள். 1925-இல் ஒரு கடை வாசலில் கட்டிய ஒற்றைச் சரம் பல்பு வருஷா வருஷம் பெருகி, இப்போது நன்றி தெரிவிக்கும் நாள் இரவில் ஊரே கூடி வாய் பிளக்கிற அளவுக்குப் போயிருக்கிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மனுஷர் சுற்றுவட்டாரத்தில் வீட்டுமனை விற்றபோது, கறுப்பர்களுக்கு விற்கக்கூடாது என்று பத்திரத்திலேயே எழுதி வைத்தவர். இந்த யோசனையை நாடெங்கும் பரப்பியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. பிளாசாவின் பெரிய நீரூற்றுக்கு வைத்திருந்த அவர் பெயரை 2020-இல்தான் ஊரார் எடுத்தார்கள். நீரூற்று பெயரில்லாமலும் நன்றாகவே பீய்ச்சுகிறது.

நிஜமான நாயகன் வியன்னாவிலிருந்து வந்தார். விக்டர் க்ரூயன், யூதர், சோஷலிஸ்ட். கட்டடக்கலை படித்தவர், ராத்திரியில் அரசியல் நையாண்டி நாடகம் போட்டவர். 1938-இல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியபோது, நாடக நண்பர் ஒருவர் நாஜி சீருடையை மாட்டிக்கொண்டு காரோட்டி அவரை விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டார். வாழ்நாளில் அந்த நண்பர் நடித்த வேஷங்களில் அதற்கு மேல் பயனுள்ளது இருந்திருக்காது. நியூயார்க்கில் வந்து இறங்கியபோது க்ரூயன் கையில் 8 டாலர், வாயில் இங்கிலீஷ் இல்லை.

முதலில் ஐந்தாவது அவென்யூவில் ஒரு தோல்பொருள் கடையை வடிவமைத்தார். கண்ணாடி ஜன்னலை நடைபாதையை ஒட்டி வைக்காமல் உள்ளே தள்ளி வைத்து, முன்னால் சின்ன முற்றம் மாதிரி ஓர் இடம் விட்டார். தெருவில் போகிறவன் நாலு பேர் தோளில் இடிக்காமல் நின்று வேடிக்கை பார்க்கலாம். பார்த்துக்கொண்டே இருந்தால், அவனை அறியாமல் கால் படி ஏறிவிடும். விஷயம் பிடிபட்டுவிட்டது.

1956 அக்டோபர் 8-ஆம் தேதி, மின்னசோட்டா மாநிலத்தில் ஈடைனா என்ற ஊரில், க்ரூயன் கட்டிய சவுத்டேல் திறந்தது. முழுக்கக் கூரை போட்டு, குளிருக்கும் வெயிலுக்கும் கதவைச் சாத்திவிட்ட முதல் மால். மின்னசோட்டாவில் கடைத்தெருவுக்குப் போக ஏற்ற வானிலை வருஷத்தில் 126 நாள்தான் என்று மாலுக்குப் பணம் போட்ட டேட்டன் கம்பெனி கணக்குப் போட்டு வைத்திருந்தது. மிச்ச நாளெல்லாம் பனி, இல்லாவிட்டால் புழுக்கம். க்ரூயன் வருஷம் பூராவும் 24 டிகிரி வைத்தார். எதிரும் புதிருமான இரண்டு பெரிய பல்பொருள் கடைகளை ஒரே கூரைக்குக் கீழ் உட்காரவைத்தார். நடுவில் முற்றம், மரம், மீன் குளம், ஆளுயரத்தைத் தாண்டிய பறவைக் கூண்டு, காபிக் கடை. வியன்னாவில் ஜனங்கள் நாள் முழுக்கத் தெருவோரம் உட்கார்ந்து காபியும் வம்புமாகப் பொழுதைக் கழிப்பார்கள் அல்லவா? வீட்டுக்கும் காருக்கும் இடையில் தனியாகக் கிடக்கிற அமெரிக்கர்களுக்கு அந்தத் தெருவைக் கொடுக்க ஆசைப்பட்டார். மாலைச் சுற்றி வீடுகள், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பூங்கா, ஏரி என்று பெரிய வரைபடமே போட்டிருந்தார்.

கடை மட்டும் வந்தது. மற்றதெல்லாம் வரைபடத்தோடு நின்றது. ஏரி இருந்திருக்க வேண்டிய இடத்தையெல்லாம் கார் நிறுத்துமிடம் சாப்பிட்டுவிட்டது. எண்பத்தொன்பது வயசு ஃபிராங்க் லாய்ட் ரைட், நாட்டிலேயே பெரிய கட்டடக் கலைஞர், வந்து சுற்றிப் பார்த்தார். கிராமத்துத் தெருவின் கெடுதலெல்லாம் இங்கே இருக்கிறது, அதன் அழகுதான் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு யார் கட்டியதுமே பிடிக்காது என்பது வேறு விஷயம்.

ஜனங்களுக்குப் பிடித்துவிட்டது. அதைவிட முதலாளிகளுக்குப் பிடித்துவிட்டது. 1954-இல் அமெரிக்க நாடாளுமன்றம் வருமான வரிச் சட்டத்தில் ஒரு சின்னச் சலுகை செய்திருந்தது: புதிதாக வணிகக் கட்டடம் கட்டினால் அதன் தேய்மானத்தை ஆரம்ப வருஷங்களிலேயே வேகமாகக் கழித்துக்கொள்ளலாம். அதாவது, கட்டடம் லாபத்தில் ஓடும்போதே காகிதத்தில் நஷ்டம் காட்டலாம். அப்புறம் கேட்கவா வேண்டும்! சோளக்காட்டுக்கு நடுவிலெல்லாம் மால் முளைத்தது. ஆள் இருக்கிறானா என்று பார்க்கவில்லை, ஆடிட்டர் இருக்கிறாரா என்று மட்டும் பார்த்தார்கள். ஊருக்கு நடுவே இருந்த பழைய கடைத்தெருக்கள் ஒவ்வொன்றாக ஷட்டரை இறக்கின.

எதற்கு வந்தோம் என்பதை மறந்து, கண்ணில் பட்டதையெல்லாம் வாங்க ஆரம்பிக்கிற அந்த மயக்க நிலைக்குக் கடைசியில் க்ரூயனின் பெயரையே சூட்டினார்கள். அந்தப் பெருமை அவருக்கு வேண்டியிருக்கவில்லை. 1968-இல் வெறுத்துப்போய் வியன்னாவுக்கே திரும்பினார். சில வருஷத்தில் வியன்னாவுக்குத் தெற்கே ஒரு ராட்சத மால் திறந்தது. இந்த முறைகெட்ட பிள்ளைகளுக்கெல்லாம் நான் ஜீவனாம்சம் கட்ட முடியாது என்ற அர்த்தத்தில் 1978-இல் ஒரு கூட்டத்தில் பொரிந்து தள்ளினார். தகப்பன் மறுத்தாலும் மூக்கு அவர் மூக்குதான். சவுத்டேல் இன்றும் இருக்கிறது. அதைக் கட்டச் சொன்ன டேட்டன் கம்பெனி, 1962-இல் மலிவுவிலைக் கடை ஒன்று தொடங்கியது. அதுவே பெரிதாகித் தாயை விழுங்கியது. அந்தக் கடையின் பெயர் டார்கெட்.

பக்கத்து ஊர் புளூமிங்டனில் 1992 ஆகஸ்ட்டில் மால் ஆஃப் அமெரிக்கா திறந்தது. கட்டியவர்கள் கெர்மேசியன் சகோதரர்கள், ஈரானிலிருந்து கனடா வந்து கம்பளம் விற்ற குடும்பம். கனடாவின் எட்மன்டனில் ஏற்கெனவே அவர்கள் கட்டிய மாலில் நான்கு நீர்மூழ்கிக் கப்பல்கள் ஓடின. கனடா கடற்படையிடம் அப்போது மூன்றுதான் இருந்தன. இப்படிப்பட்ட ஆசாமிகள் கையில் ஓர் இடிந்த பேஸ்பால் மைதானத்தைக் கொடுத்தால் சும்மா இருப்பார்களா? நடுவில் ரோலர் கோஸ்டர், கீழே சுறா மீன் தொட்டி, மேலே கல்யாணம் செய்துவைக்கிற தேவாலயம் என்று கட்டினார்கள். நிச்சயதார்த்தப் புடவை எடுக்க வந்த இடத்திலேயே கல்யாணத்தையும் முடித்துக்கொண்டு போகிற வசதி சென்னைப் பெரிய ஜவுளிக்கடைக்காரர்களுக்கே இன்னும் தோன்றவில்லை.

அங்கே போனால் கடைகளை விட்டுவிடுங்கள், எல்லா ஊரிலும் இருக்கிற கடைகள்தான். இரண்டு விஷயம் பாருங்கள். விளையாட்டுப் பூங்காவின் தரையில், பழைய மைதானத்தில் பேட்ஸ்மேன் நின்ற அதே இடத்தில், ஒரு தகடு பதித்திருக்கிறார்கள். அங்கே நின்று நிமிர்ந்தால், தூரத்தில், தண்ணீர்ச் சறுக்குப் படகுக்கு மேலே சுவரில் ஒற்றைச் சிவப்பு நாற்காலி ஆணியடித்துத் தொங்கும். 1967 ஜூன் 3-ஆம் தேதி ஹார்மன் கில்லப்ரூ அடித்த 520 அடிப் பந்து போய் விழுந்த இடம். தொங்குகிற நாற்காலியைக் காலம்காலமாக எவனும் கவனிப்பதில்லை, கீழே படகில் நனைந்துகொண்டு கத்துகிறான். இன்னொன்று, நடைவழிகளுக்குத் தனியாக ஹீட்டர் கிடையாது. வெளியே மைனஸ் இருபதில் பனி கொட்டும்போது, உள்ளே மேற்கூரை வெயிலும் விளக்குச் சூடும் வந்த கூட்டத்தின் உடம்புச் சூடுமே குளிரை ஓட்டிவிடும். கடையில் ஒன்றும் வாங்காதவனும் நாலு பேருக்குக் கணப்பாக இருந்துவிட்டுத்தான் போகிறான்.

லாஸ் வேகஸை ஒரு பத்தியில் முடித்துவிடலாம், அதற்கு மேல் அது தாங்காது. அதே 1992-இல் சீசர்ஸ் பேலஸ் சூதாட்ட விடுதிக்குப் பக்கத்தில் ரோமாபுரி வேஷத்தில் ஃபோரம் ஷாப்ஸ் திறந்தது. கூரையில் வானத்தை வரைந்து, விளக்கால் விடியலும் அந்தியும் மாறி மாறி வரவைத்தார்கள். சிலைகள் பேசும், அட்லாண்டிஸ் மூழ்கும். வெனிஸுக்குத் தேனிலவு போய்வந்த சூதாட்ட விடுதி முதலாளி ஷெல்டன் ஏடல்சன் 1999-இல் வெனிஸையே கொண்டுவந்து வைத்தார். பாலைவனத்தில், கட்டடத்தின் இரண்டாவது மாடியில், ஓடுகிற கால்வாய்! படகோட்டி பாடுவார், கரையில் கைப்பை விற்பார்கள். அந்தப் பாட்டைவிட அந்த மாடித் தரை ஒழுகாமல் இருப்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

வேஷம் எல்லாமே பேராசைக்குப் போட்டதில்லை. உயிர் பிழைக்கப் போட்டதும் உண்டு. 1906 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் பூகம்பமும் தீயும் சைனாடவுனைச் சாம்பலாக்கின. நல்லதாய்ப் போயிற்று, இந்தச் சீனர்களை ஊர்க் கோடிக்குத் துரத்திவிடலாம் என்று நகரத்துப் பெரிய மனிதர்கள் திட்டம் போட்டார்கள். எங்களைத் துரத்தினால் வியாபாரத்தையும் வரியையும் வேறு துறைமுகத்துக்குத் தூக்கிக்கொண்டு போவோம் என்று சீன வணிகர்கள் பதிலுக்கு மிரட்டினார்கள். கூடவே லுக் டின் ஏலி என்கிற வணிகர் ஒரு காரியம் செய்தார். வெள்ளைக்காரக் கட்டடக் கலைஞர்களை அமர்த்தி, வளைந்த கூரையும் பகோடாக் கோபுரமும் வைத்துக் கடை கட்டச் சொன்னார். கட்டியவர்கள் கற்பனைச் சீனாவைக் கட்டினார்கள். வெள்ளைக்காரன் சீனா என்றால் எதை எதிர்பார்ப்பானோ அதைச் சீனன் அவனுக்கே விற்றான். சுற்றுலாக் கூட்டம் மொய்த்தது, ஊரைக் காலிசெய்கிற பேச்சும் அடங்கியது. கிராண்ட் அவென்யூவும் கலிபோர்னியா தெருவும் கூடுகிற முனையில் அந்த இரட்டைக் கட்டடங்கள் இன்றும் எதிரெதிரே நிற்கின்றன. வேகஸ் வெனிஸோடு இதையும் சேர்த்துப் போலி என்று சொல்கிறவனோடு எனக்குச் சண்டை.

சிகாகோவில் டெவன் அவென்யூ வேஷமே போடுவதில்லை. புடவைக் கடை, நகைக் கடை, மளிகை, பிரியாணி. ஆனால் அந்தத் தெருவின் ஒரு துண்டுக்குக் காந்தி பெயர், அடுத்த துண்டுக்கு ஜின்னா பெயர், இன்னொன்றுக்கு வங்கதேசத்தின் முஜிப், வேறொன்றுக்கு இஸ்ரேலின் கோல்டா மெய்ர். பிரிவினை அங்கே ஒரு டிராபிக் சிக்னல் தூரம்.

எனக்குப் பிடித்தது சியாட்டிலின் பைக் பிளேஸ் சந்தை. வெங்காய விலை ஒரே வருஷத்தில் பத்து மடங்கு ஏறியது, லாபம் முழுக்கத் தரகர்களுக்குப் போனது. தாமஸ் ரெவெல் என்ற நகரசபை உறுப்பினர், விவசாயியே நேராக வந்து விற்கட்டும் என்றார். 1907 ஆகஸ்ட் 17, மழைத் தூறல், ஒரு சில வண்டிகள்தான் வந்தன. வந்த கூட்டம் வண்டியைப் பிய்த்துத் தின்னாத குறை, மத்தியானத்துக்குள் எல்லாம் காலி. பின்னால் கடை போட்ட விவசாயிகளில் பெரும்பகுதி ஜப்பானியர்கள். 1942-இல் அரசாங்கம் அவர்களை வாரிக்கொண்டுபோய் முகாமில் அடைத்தது, பாதிச் சந்தை வெறிச்சோடியது. அதற்கப்புறம் அது முழுசாகத் தலைநிமிரச் சில பத்தாண்டுகள் பிடித்தன. 1960-களில் அதையும் இடித்துவிட்டு ஹோட்டலும் கார் நிறுத்துமிடமும் கட்டத் திட்டம் போட்டார்கள். குறுக்கே விழுந்தவர் ஒரு கட்டடக்கலைப் பேராசிரியர், விக்டர் ஸ்டைன்புரூக். ஒரு விக்டர் தெருவைப் பெட்டிக்குள் அடைத்தார், இன்னொரு விக்டர் அடைக்கவிடாமல் தடுத்தார். 1971 நவம்பரில் ஊரே ஓட்டுப் போட்டுச் சந்தையைக் காப்பாற்றியது.

மீன் கடையில் நின்று பாருங்கள். முன்னால் ஐஸ் மேட்டிலிருந்து ஒருவர் சால்மனை வாலைப் பிடித்துத் தூக்கி, ஆர்டரைக் கத்திச் சொல்லி வீசுவார். கடையே கோரஸாக அதைத் திருப்பிக் கத்தும். கல்லாப்பக்கம் நிற்கிறவர் காகிதத்தோடு கையை நீட்டிப் பறக்கிற மீனைப் பிடித்து ஒரே மூச்சில் சுருட்டிவிடுவார். ஒவ்வொரு மீனுக்கும் மேட்டைச் சுற்றி நடக்கச் சோம்பல்பட்டு ஆரம்பித்த பழக்கம் என்கிறார்கள். அங்கே நூறு பேர் போன் பிடித்து நிற்பார்கள், மீன் வாங்குகிறவர் இரண்டு பேர். எதிரே "முதல்" ஸ்டார்பக்ஸ் வாசலில் வரிசை தெரு முனைவரை நீளும். 1971-இல் முதல் கடை திறந்தது வேறு இடத்தில், அதற்கு ஐந்து வருஷம் கழித்துத்தான் இங்கே வந்தது. வரிசையில் நிற்பவர்களிடம் இதைச் சொல்லாதீர்கள், பாவம். பக்கத்துச் சந்தில் சுவர் முழுக்க மென்று துப்பிய சூயிங்கம். 2015-இல் சுரண்டினார்கள், ஆயிரம் கிலோவுக்கு மேல் தேறியது. சுத்தம் செய்து முடித்த கையோடு ஜனங்கள் மறுபடி ஒட்ட ஆரம்பித்தார்கள்.

கெர்மேசியன்கள் மட்டும் பாடம் படிக்கவில்லை. நியூஜெர்சியில் 2003-இல் ஸனாடு என்ற பெயரில் தொடங்கி, பணமில்லாமல் நின்றுபோன ஒரு வண்ணவண்ணச் சதுரக் குவியலைக் கையிலெடுத்தார்கள். மாநில ஆளுநரே அதை நியூஜெர்சியின் அசிங்கமான கட்டடம் என்று பழித்திருந்தார். அமெரிக்கன் ட்ரீம் என்று பெயரை மாற்றி 2019 அக்டோபரில் திறந்தார்கள். வருஷம் முழுக்க நிஜப் பனியில் சறுக்கலாம், உள்ளேயே அலையடிக்கிற நீர்ப் பூங்கா. சரியாக அந்த நேரம் பார்த்துக் கொரோனா வந்தது. போதாக்குறைக்கு அந்த வட்டாரத்தில் ஞாயிற்றுக்கிழமை துணிமணி விற்கக்கூடாதென்று ஒரு பழைய சட்டம் வேறு. மீறி விற்கிறார்கள் என்று அதே வட்டாரத்து ஊரான பராமஸ் 2025-இல் வழக்குப் போட்டது. அமெரிக்கக் கனவுக்கு வாரத்தில் ஒருநாள் லீவு.

பிராவிடன்ஸ் நகரத்துக் கதைதான் உச்சம். பழைய ஆலைக் கட்டடங்களில் ஓவியர்கள் குறைந்த வாடகைக்குக் குடியிருந்த பகுதிகளை இடித்துக் கடை வளாகம் கட்டிக்கொண்டிருந்த காலம். மாலிலேயே குடியிருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று ஒரு பெண் ஏங்குகிற வானொலி விளம்பரமும் ஓடிக்கொண்டிருந்தது. சில ஓவியர்கள் அதைச் சிரத்தையாக எடுத்துக்கொண்டார்கள். பிராவிடன்ஸ் பிளேஸ் மாலின் சுவர்களுக்கு நடுவே, கட்டியவர்களே மறந்துபோன சுமார் 750 சதுர அடி இடம் இருப்பதைக் கண்டுபிடித்து, 2003-இல் குடிபோனார்கள். சோபா, மேஜை, கண்ணாடி அலமாரி, டி.வி., பிளேஸ்டேஷன் என்று எல்லாம் ஒவ்வொன்றாக உள்ளே போனது. சிமென்ட் கற்களைச் சுமந்து சுவரும் எழுப்பிக் கதவும் போட்டுப் பூட்டினார்கள். கழிப்பறைக்கு மட்டும் மாலுக்குத்தான் வரவேண்டும். மாலில் ஜனங்கள் வாழவேண்டும் என்ற க்ரூயனின் வரைபடத்தை வாடகை தராமல் நிறைவேற்றியவர்கள் இவர்கள்தான். நாலு வருஷம் ஓடியது. 2007-இல் அவர்களில் ஒருவர் கையும் களவுமாகப் பிடிபட்டார். கோர்ட் நன்னடத்தைக் கண்காணிப்போடு விட்டது, மால் ஆயுள் முழுக்க உள்ளே காலெடுத்து வைக்கக்கூடாது என்று தடை போட்டது. இந்தக் கதையை 2024-இல் ஆவணப்படமாக எடுத்தார்கள். மறுவருஷம் அது அதே மாலின் தியேட்டரில் ஓடியது. தடையை நீக்கிவிட்டார்கள், டிக்கெட் விற்கவேண்டுமே.